லைவ் ராக்கில் தானாக முளைத்த பவளம்: அறிகுறியை வைத்து அடையாளம் காணும் வழி

மெரைன் டேங்க் (கடல்நீர்த் தொட்டி) வைத்த சில மாதங்களில், நாம் வைக்காத ஏதோ ஒன்று பாறையில் தலைகாட்டும். உயிர்கள் ஒட்டிய கடற்பாறையான லைவ் ராக்கின் துளைக்குள்ளோ, பவளத்துண்டை ஒட்டி விற்கும் அடிக்கட்டையான ஃப்ராக் பிளக்கை வாங்கிவந்தால் அதன் அடியிலோ ஒட்டிக்கொண்டு வந்த உயிர் அது. கண்டதும் பலர் சாமணத்தை எடுத்துப் பிடுங்கப் பார்ப்பார்கள். அந்த உயிர் ஐப்டேசியா என்னும் தொல்லைதரும் கடல் அனிமோனாக (பூப்போன்ற, கொட்டும் விலங்கு) இருந்தால் பிய்ந்த துணுக்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். பாலிதோவா என்னும், கூட்டமாக வளரும் உயிராக இருந்தால் நசுங்கிய உடலிலிருந்து கடும் நஞ்சு வெளிவரலாம். நல்ல கல் பவளமாக இருந்தாலோ, காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத ஒன்றை நாமே கொன்றிருப்போம். அதனால் இன்னதென்று தெரியும்வரை கை வைக்க வேண்டாம்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெளிச்சம் குறைந்த மூலையில் பழுப்பாக இருக்கும் பவளமே மேலே வந்தால் பச்சையோ ஊதாவோ ஆகலாம். நீல ஆக்டினிக் விளக்கில் மஜானோ என்னும் தொல்லை அனிமோனும் ஒளிரும், நல்ல பவளமும் ஒளிரும். மாறாமல் இருப்பது உடலமைப்புதான். மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். டென்டகிள்கள் (வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகள்) எத்தனை? அவற்றின் நுனியும் ஓரமும் எப்படி இருக்கின்றன? அடியில் கல் கூடு இருக்கிறதா?

முதலில் பார்க்கும் முறை

ஒரு டார்ச், பூதக்கண்ணாடி, டர்க்கி பேஸ்டர் (நீரை உறிஞ்சிப் பீய்ச்சும் குமிழ்க் குழாய்), மரத்தாலான பல்குச்சி, பிளாஸ்டிக் ஸ்கேல் இவை போதும். எல்லாப் பம்புகளையும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கை மட்டும் எரியவிட்டு, கண்ணாடிக்கு நேர்க்கோணத்தில் போனை வைத்துப் படம் எடுங்கள். சாய்த்து எடுத்தால் கண்ணாடியே உருவத்தைச் சிதைத்துவிடும். அளவு தெரிய ஸ்கேலைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து எடுப்பது நல்லது.

இரவில் விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். டார்ச்சின் மேல் சிவப்பு செலோபேன் தாளைச் சுற்றிக்கொண்டால் பெரும்பாலான உயிர்கள் சுருங்காமல் இருக்கும். பகலில் மூடி, இரவில் விரிகிறதென்றால் அது வெளிச்சத்தை விட இரையை நம்பி வாழும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அது சுருங்கியிருக்கும் நேரத்தில் பல்குச்சியின் நுனியால் அடிப்பகுதியை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கல்லாகத் தட்டுப்படுகிறதா, மெத்தென்று அமுங்குகிறதா என்பது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். உலோக ஊசியோ கத்தியோ வேண்டாம்.

பழுப்பு அல்லது கண்ணாடி நிறம், நீண்டு நுனி கூராகும் டென்டகிள், தொட்டால் துளைக்குள் மறைகிறது

இது ஐப்டேசியா. கம்பம் போன்ற உடல், மேலே வட்டமான வாய்த்தட்டு, விளிம்பைச் சுற்றி அடியில் தடித்து நுனியில் ஊசியாகும் டென்டகிள்கள். வாய்த்தட்டின் விட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட இராத குட்டிகள்தான் முதலில் கண்ணில் படும். அடியில் கல் கிடையாது. பேஸ்டரால் அருகில் தண்ணீர் பீய்ச்சினால் ஒரு நொடியில் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதோடு குழம்புவது குழாய்ப் புழுக்கள். அவையும் சட்டென்று மறையும், ஆனால் மறைந்த பிறகும் குழாய் வெளியே நிற்கும். அவற்றின் கிரீடம் கிளைத்த இழைகளால் ஆனது. ஐப்டேசியாவின் டென்டகிளில் கிளையே இருக்காது.

ஐப்டேசியாவைக் கிள்ளினாலோ சுரண்டினாலோ ஏன் பெருகுகிறது? இதன் அடிப்பாதத்தில் சிறு துண்டு ஒட்டி நின்றாலே அது முழு விலங்காக வளரும். தொந்தரவில்லாத காலத்திலேயே பாதத்தின் ஓரத்தைத் துண்டு துண்டாக உதிர்த்து இனம்பெருக்குகிற விலங்கு இது. ஆகவே முழு உடலையும் இருந்த இடத்திலேயே கொல்ல வேண்டும்.

ஐந்தாறு மட்டும் இருந்தால் கால்க்வாசர் பசை போதும். கால்சியம் ஹைட்ராக்சைடு பொடி ஒரு டீஸ்பூன் எடுத்து, ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பற்பசைப் பதத்துக்குக் குழையுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். இது தோலையும் கண்ணையும் அரிக்கும். மழுங்கிய ஊசி மாட்டிய சிரிஞ்சில் ஏற்றி, பம்புகளை நிறுத்தி, ஐப்டேசியா விரிந்திருக்கும்போதே ஊசியை மெல்ல வாய்க்கு மேலே கொண்டுபோய் ஒரு மில்லி அளவு விடுங்கள். இரையென்று நினைத்து அது விழுங்கத் தொடங்கும். சுருங்கியபின் துளையின் வாயையும் பசையால் மூடிவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் கழித்துப் பம்பை ஓடவிடலாம். 100 லிட்டர் டேங்கில் ஒரு நாளைக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் பசை pH-ஐத் தூக்கிவிடும். pH 8.5-ஐத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் கால்சியம் ஹைட்ராக்சைடுதானே என்று சிலர் அதையே எடுக்கிறார்கள். கடைச் சுண்ணாம்பில் வேறென்ன கலந்திருக்கிறது, நிறத்துக்கு எது சேர்த்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. டேங்குக்கு அது ஆகாது.

பாறை முழுக்கப் பரவிவிட்டதென்றால் ஊசியால் துரத்தி முடியாது. பெர்கியா என்னும் சிறு கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்பதில்லை. அதனால்தான் மற்ற எல்லா வழிகளையும்விட இதையே முதலில் பரிந்துரைப்போம். ஆனால் அது இரவில் மட்டும் நடமாடும், ராஸ் மீன்களுக்கு இரையாகும், ஐப்டேசியா தீர்ந்ததும் பட்டினியில் சாகும். தீர்ந்ததும் இன்னொருவர் டேங்குக்குக் கொடுத்துவிடுங்கள். பெப்பர்மின்ட் இறாலும் ஐப்டேசியாவைத் தின்னும், ஆனால் ஒவ்வொரு இறாலும் தின்னும் என்று சொல்ல முடியாது. கடையில் அதே பெயரில் ஒட்டக இறாலைத் தந்துவிடுவது உண்டு. உடலெங்கும் சிவப்புக் கோடுகளுக்கிடையே தடித்த வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும், பெரிய கண்களும், முதுகில் மேடும் இருந்தால் வாங்காதீர்கள். அது பாலிதோவாவின் கூட்டமான ஸோவாந்திட்களையும், கல் கூடில்லாத மென் பவளங்களையும் கொத்தும்.

டென்டகிள் குட்டை, நுனி உருண்டை

மூன்று உயிர்கள் இந்த அறிகுறியில் வரும்.

பச்சையும் பழுப்பும் கலந்த உடல், உப்பிய நுனி, பகலிலும் விரிந்திருக்கிறது, அடியில் கல் இல்லை. இது மஜானோ. பபிள் டிப் அனிமோனின் குட்டி என்று நினைத்துச் செல்லமாக வளர்ப்பவர்கள் உண்டு. பபிள் டிப் பொதுவாக இடம் தேடி நகரும், ஒன்றாகவே பெரிதாகும். மஜானோ இரண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே நின்று, சுற்றிலும் குட்டிகளை விட்டு மந்தையாகும். ஒன்று இருக்கும்போதே கால்க்வாசர் பசை போட்டு முடித்துவிடுங்கள். பெர்கியா இதைத் தொடாது.

உடல் கண்ணாடியாகத் தெரிகிறது, நுனியில் மட்டும் ஆரஞ்சு அல்லது வெள்ளை மணி, இரவில்தான் விரிகிறது. இது சூடோகொரினாக்டிஸ். பார்க்க அழகு, ஆனால் கொட்டும் திறன் அதிகம். நட்சத்திர மீன்களைப் பிடித்து விழுங்கும் விலங்கு. நட்சத்திர மீன் அல்லது சிறு மீன்கள் இருக்கும் டேங்கானால் பாறைத்துண்டோடு பெயர்த்துத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். சாகாமல் காப்பாற்றக்கூடியது இது.

மூன்றாவது, பல்குச்சிக்கு அடியில் கல் தட்டுப்படும் கல் பவளம். கல் பவளங்கள் பலவற்றுக்கும் டென்டகிள் நுனியில் வெளிறிய குமிழ் உண்டு. இதை மஜானோ என்று நினைத்துப் பசை போட்டுக் கொன்றவர்கள் நிறைய. நுனியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும். அடியையும் தொட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

ஒவ்வொரு பாலிப்பிலும் (பவளக் கூட்டத்தின் ஒற்றை உடல்) சரியாக எட்டு டென்டகிள், ஓரத்தில் இறகு போன்ற சிறு கிளைகள்

எட்டு என்று எண்ணிவிட்டாலே ஆக்டோகோரல் குடும்பம் என்று உறுதி. ஐப்டேசியா, ஸோவாந்திட், காளான் பவளம், கல் பவளம் எல்லாமே வேறு கிளை. பூதக்கண்ணாடியில் நிதானமாக எண்ணுங்கள். படத்தைப் பெரிதாக்கி எண்ணினால் இன்னும் சுலபம்.

ஊதா நிறத்தோல் பாறையில் படர்ந்து, அதிலிருந்து பச்சைப் பாலிப்கள் எழுந்தால் கிரீன் ஸ்டார் பாலிப். பாலிப்கள் திறந்து மூடித் துடித்தால் ஸீனியா. துடிக்காமல், தண்டு தண்டாகப் பாறையில் ஒட்டிய மெல்லிய கொடியிலிருந்து எழுந்தால் குளோவ் பாலிப் வகை. எதுவும் மீனைக் கொல்லாது. தொல்லை பரவுவதில்தான். ஊதாத்தோலை நகத்தால் உரிக்கலாம், ஆனால் ஒட்டிய இழை கொஞ்சம் நின்றாலும் திரும்ப வரும். மற்றப் பாறைகளிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளி, மணலுக்கு நடுவே தனிப் பாறையாக வைத்துவிட்டால் பரவலைக் கட்டுப்படுத்தலாம்.

வெள்ளைப் பாலிப்கள் குழாய் போன்ற தண்டுகளில் வரிசையாக, பாறையின் நிழற்புறத்தில் மட்டும் வளர்கின்றனவா? காரிஜோவா ரைசெய் ஆக இருக்கலாம். வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பாசி இதன் உடலில் இல்லை, இரை பிடித்தே வாழும். ஹவாயில் முதன்முதலாக 1972-இல் பேர்ல் ஹார்பரில் கண்டறியப்பட்ட இது, பின்னாளில் மாவி தீவருகே ஆழத்தில் வளரும் கறுப்புப் பவளங்களை மூடிக் கொல்வதை 2001-இல் பார்த்தார்கள். டேங்கில் பெரும்பாலும் பட்டினியில் தானே சுருங்கிவிடும். ஆனால் இந்தப் பாறையையோ அதன் தண்ணீரையோ கடலிலும் கழிமுகத்திலும் கொட்டக் கூடாது.

வட்டமான தட்டு, விளிம்பில் மட்டும் குட்டை டென்டகிள் இரண்டு வரிசை, கூட்டமாக வளர்கிறது

ஸோவாந்திட்கள். வாய் நடுவில் கீறலாகத் தெரியும். மூடியிருக்கும்போது சுருக்குப்பையைப் போல வாய் குவிந்த மொட்டாக இருக்கும். இவற்றில் எது ஸோவாந்தஸ், எது பாலிதோவா என்பதற்கு ஒரு தடயம் உண்டு. பாலிதோவாவின் தண்டிலும் பாலிப்களை இணைக்கும் தோலிலும் மணல் துகள்கள் பதிந்திருக்கும், தொட்டால் சொரசொரக்கும். ஸோவாந்தஸில் மணல் இராது. பழுப்பு நிறத்தில் பெரிய பாலிப்களாக, லைவ் ராக்கோடு இலவசமாக வந்து சேருபவை பெரும்பாலும் பாலிதோவாதான்.

இங்கே நின்று நிதானிக்க வேண்டும். இந்தக் கூட்டத்தின் சில இனங்களில் பாலிடாக்சின் என்னும் நஞ்சு இருக்கிறது. ஹவாய்க் கடற்கரையிலிருந்து எடுத்த பாலிதோவாவிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1971-இல் அறிவித்தார்கள். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் பம்பு ஒன்று இருக்கிறது. அந்தப் பம்பைத் திறந்த ஓட்டையாக மாற்றிவிடும் நஞ்சு இது. மாற்று மருந்து கிடையாது. எந்த இனத்தில் எவ்வளவு இருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே எல்லா ஸோவாந்திட்டையும் நஞ்சுள்ளதாகவே கையாளுங்கள்.

ஒருபோதும் செய்யக் கூடாதவை: பாறையை வேகவைப்பது, கொதிநீர் ஊற்றுவது, பிரஷ்ஷால் தேய்ப்பது, உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சுவது, வெயிலில் காயவைத்த பாறையை உடைப்பது. நஞ்சு ஆவியோடும் துளியோடும் தூசியோடும் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். பாறையைக் கொதிக்கவைத்து வீட்டில் அத்தனை பேரும் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பூச்சியைக் கொல்லப் பாறையை வேகவை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். நைட்ரைல் கையுறை இரண்டடுக்கு, பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிடுங்கள், குழந்தைகளும் நாயும் பூனையும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பாறையை வாளியில் டேங்க் தண்ணீருக்குள் மூழ்கவைத்தபடியே, பாலிப்பை அல்ல, அதன் அடிப்பாறையை எலும்பு வெட்டும் கட்டரால் கொத்தி எடுங்கள். அப்போது சதை கிழியாது. வாளித் தண்ணீரையும் பயன்படுத்திய கருவிகளையும், ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற கணக்கில் பிளீச் கலந்து அரைமணி நேரம் ஊறவையுங்கள். அதில் வினிகரோ வேறு அமிலமோ சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பாறையைத் திரும்ப வைத்த பிறகு டேங்கில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

வேலை முடிந்த சில மணி நேரத்தில் வாயில் கசப்பு அல்லது உலோகச் சுவை, குளிர்க்காய்ச்சல், தசைவலி, மூச்சுத்திணறல், கண் எரிச்சல் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய் "பாலிடாக்சின்" என்று பெயர் சொல்லிக் கூறுங்கள். மருத்துவர் அதைச் சாதாரணக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

தட்டையான வட்டு, தண்டு இல்லை, டென்டகிள் இல்லை அல்லது சிறு முண்டுகள் மட்டும்

காளான் பவளம். வழவழப்பானது டிஸ்கோசோமா, முண்டு முண்டாக இருப்பது ரோடாக்டிஸ் அல்லது ரிகோர்டியா. கல் இல்லை. தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கல் பவளத்தை ஒட்டி வளர்ந்தால் மட்டும் அதைச் சுட்டுக் கருக்கும். அப்போது கத்தியால் அறுக்காமல் பாறைச்செதிலோடு எடுத்து மாற்றுங்கள். அறுத்தால் விட்டுப்போன துணுக்கிலிருந்து மீண்டும் வளரும்.

பல்குச்சிக்குக் கல்லாகத் தட்டுப்படுகிறது

பூதக்கண்ணாடியில் கிண்ணம் போன்ற குழிகளும், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடும் தகடுகளும் தெரிந்தால் கல் பவளம் உறுதி. டென்டகிள்கள் ஆறின் மடங்கில் இருக்கும், சிறு பாலிப் வகைகளில் பெரும்பாலும் பன்னிரண்டு. தகடுகள் இல்லாமல் வழவழப்பான இளஞ்சிவப்புப் படலமாக இருந்தால் கோரலைன் பாசி. அரிசியளவில் செந்நிறமாக, தடித்துக் கிளைத்த கட்டி என்றால் ஹோமோட்ரிமா என்னும் ஒருசெல் உயிரி. சுருண்ட வெள்ளைக் குழாயும் அதிலிருந்து சளி வலையும் என்றால் வெர்மெட்டிட் நத்தை. அதன் வாயைச் சூப்பர் குளூ ஜெல்லால் அடைத்துவிடுங்கள், வலை பட்ட பவளங்கள் விரிய மறுக்கும்.

கண்ணாடியிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் திடீரென்று ஐந்து மில்லிமீட்டர் வட்டங்கள் முளைத்திருந்தால் பொசிலோபோராவைச் சந்தேகியுங்கள். டேங்கில் ஏற்கெனவே இருக்கும் பொசிலோபோரா உடலுக்குள் லார்வாக்களை வளர்த்து விடும், அவை கிடைத்த இடத்தில் ஒட்டும். குகைக்குள், பகலில் மூடிய ஆரஞ்சுக் கிண்ணங்கள் டியூபாஸ்ட்ரியா. இதற்கு வெளிச்சம் வேண்டாம், வாரம் மூன்று முறையாவது ஒவ்வொரு பாலிப்புக்கும் மைசிஸ் (இறால் போன்ற சிறு இரை) ஊட்ட வேண்டும், இல்லையேல் சதை கரைந்துவிடும்.

கல் பவளமென்று தெரிந்த பின் அவசரப்பட்டு விளக்குக்கு நேர்கீழே தூக்கி வைக்காதீர்கள். நிழலில் வளர்ந்தது திடீர் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். உப்புத்தன்மை 35 ppt, வெப்பம் 25 அல்லது 26 டிகிரி, காரத்தன்மை 8 dKH (அதை அளக்கும் அலகு) சுற்றி, கால்சியம் 420 ppm, மெக்னீசியம் 1300 ppm என்று ஆடாமல் இருந்தால் தானாக வளரும். சென்னை போன்ற ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத டேங்க் 30 டிகிரியைத் தாண்டும். பவளம் வெளுப்பதற்கு அதுவே போதும்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் எல்லாக் கல் பவளங்களும் 2001 முதல் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து எடுத்த பாறை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். செயற்கைப் பாறையும் காய்ந்த பாறையும் வைத்து நல்ல பாக்டீரியா வளர்த்துக்கொள்ளலாம். இந்தத் தேவையற்ற விருந்தாளிகளின் தொல்லையும் அதில் குறைவு.

பாசி போல மெல்லிய நூல்கள், பக்கத்துப் பவளம் சுருங்குகிறது

ஹைட்ராய்டு. நூல் நுனியில் ஒரு மில்லிமீட்டரளவில் பூ விரியும், அதைப் பூதக்கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது. பாசியென்று விரலால் தேய்த்தால் சுருக்கென்று கொட்டும். மிரியோனிமா என்னும் பழுப்பு வகை வெளிச்சத்திலும் வாழும், வேகமாகப் பரவும். நத்தையும் மீனும் அதைத் தின்றுவிடும் என்று நம்ப முடியாது. சிறு திட்டாக இருக்கும்போதே எபாக்ஸியால் முழுவதுமாக மூடுங்கள், ஓரம் சிறிதும் விட்டுப்போகக் கூடாது. பரவிய பாறையானால் டேங்கைவிட்டு எடுத்துவிடுவதே நல்லது. ஃபென்பெண்டசோல் மருந்து ஹைட்ராய்டைக் கொல்லும், ஆனால் நத்தைகளையும் மென் பவளங்களையும் சேர்த்துக் கொல்லும். பவளங்கள் இருக்கும் டேங்கில் அதைப் போடவே கூடாது.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லை

கொல்லவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். பாறைத்துண்டை மட்டும் பெயர்க்க முடிந்தால் பத்து லிட்டர் தொட்டி ஒன்றில் ஹீட்டர், சிறு பவர்ஹெட் (நீரோட்டப் பம்பு), மிதமான வெளிச்சத்தோடு தனியே வையுங்கள். டேங்க் தண்ணீரில் வாரம் இருமுறை பாதி மாற்றுங்கள். பெயர்க்க முடியாதென்றால் அதைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டருக்குள் வேறு பவளம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்னீரில் முக்குவது வேண்டாம். பாறைக்குள் இருக்கும் எல்லாம் செத்து அமோனியா ஏறும்.

ஒரு வாரம் கழித்து இரை சோதனை செய்யலாம். பம்பை நிறுத்தி, மைசிஸ் துணுக்கு ஒன்றைப் பேஸ்டரால் மெதுவாக வாய்க்கருகே விடுங்கள். டென்டகிள்கள் உடனே சுருட்டிப் பிடித்து இழுத்தால் அனிமோன் அல்லது சூடோகொரினாக்டிஸ் பக்கம் தேடுங்கள். சளியில் ஒட்டவைத்து நிதானமாக வாய்க்குக் கொண்டுபோனால் கல் பவளம் அல்லது ஸோவாந்திட். கண்டுகொள்ளவே இல்லையென்றால் ஸீனியா போன்ற ஆக்டோகோரலாக இருக்கலாம், டென்டகிளை மறுபடி எண்ணுங்கள். வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில், ஸ்கேலோடு, வெள்ளை வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். ஆறாவது வாரப் படத்தில், அடியில் கல் இல்லாத தனித்தனிக் குட்டிகள் பெருகியிருந்தால் மஜானோவாகவோ ஐப்டேசியாவாகவோ எண்ணிப் பசையைக் குழைக்கலாம். குட்டி இல்லாமல் அடியில் கல் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தால் அந்தப் பாறைத்துண்டை எபாக்ஸி வைத்து நல்ல இடத்தில் ஒட்டிவிடுங்கள்.